நம்மூர்ப் பிள்ளைக்குக் கடல் படிப்பு எதற்கு?

அக்கா மகள் கோவையில் பி.எஸ்சி. வேதியியல் சேர்ந்திருக்கிறாள். மைனராக, அதாவது துணைப்பாடமாக, கடல் அறிவியல் எடுக்கட்டுமா மாமா என்று கேட்டாள். எடு சாமி என்றேன். "நம்மூர்ல கடலு எங்கீங் கண்ணு இருக்குது?" என்கிறார் அவள் அப்புச்சி. நான் கடல் அறிவியல் படித்தபோது என்னிடமும் இதையேதான் கேட்டார்கள்.

ஐதராபாத்திலும் கடல் கிடையாது. நாட்டுக்கே சுனாமி எச்சரிக்கை அங்கிருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனத்திலிருந்துதான் வருகிறது. சரி, அது கிடக்கட்டும். என் வேலையைச் சொல்கிறேன்.

திருப்பூரில் சாயக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் இடத்தில் இருக்கிறேன். பருத்தியில் சாயம் ஏற உப்புப் போட்டாக வேண்டும். நிறத்தைக்கூட எடுத்துவிடலாம், தண்ணீரில் கரைந்த உப்பை எடுப்பதுதான் பெரும்பாடு. நொய்யல் ஆற்றின் குறுக்கே 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு ஆகாமல் போனது சாயக் கழிவால்தான். 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூடச் சொன்னதை இங்கே யாரும் மறக்கவில்லை.

இந்த உப்பு வேலையில்தான் கடல் படிப்பு கைகொடுத்தது. ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். அந்த அளவு இடத்துக்கு இடம் மாறும். ஆனால் அதற்குள் இருக்கும் முக்கிய அயனிகளின் விகிதம் பெருங்கடல்களில் அநேகமாக மாறுவதில்லை, குளோரைடு மட்டுமே 55 சதவீதம். சேலஞ்சர் என்ற ஆய்வுக் கப்பல் உலகம் சுற்றிக் கொண்டுவந்த நீரைச் சோதித்து வேதியியலாளர் டிட்மர் 1884-இல் இதை உறுதிசெய்தார். இதைப் படித்த பிறகுதான் மொத்த டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் திடப்பொருள்) எவ்வளவு என்பதோடு நிற்காமல், எந்த உப்பு எவ்வளவு என்று பார்க்கப் பழகினேன். சல்பேட் ஏறியிருந்தால் பட்டறையில் போட்டது கிளாபர் உப்பு (சோடியம் சல்பேட்), குளோரைடு ஏறியிருந்தால் சாதா உப்பு. இன்றுவரை சோறு போடுவது இந்தப் பழக்கம்தான்.

நொய்யல் காவிரியில் சேர்கிறது, காவிரி பூம்புகாரில் கடலில் சேர்கிறது. நாம் விடுகிற தண்ணீர் போய்ச் சேரும் இடத்தைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாமல் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மைனரை மட்டும் நம்பி வேலை கிடைக்காது, அதையும் அவளிடம் சொல்லிவிட்டேன். அப்புறம், கல்லூரியில் களப்பயணம் உண்டா என்று முதலில் விசாரிக்கச் சொன்னேன். கடல் ஆய்வு மையங்கள் இருக்கும் பரங்கிப்பேட்டைக்கோ மண்டபத்துக்கோ கூட்டிப்போகாமல் வகுப்பிலேயே முடிக்கிறார்கள் என்றால் வேண்டாம். பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் படகை நிறுத்தி, வெண்கண்டல் மரத்தின் இலையை நக்கிப் பார்க்கச் சொன்னார் எங்கள் ஆசிரியர். கரித்தது. வேர் உறிஞ்சிய உப்பை அந்த மரம் இலை வழியாக வெளியே தள்ளுகிறது. நாங்கள் இத்தனை இயந்திரம் வைத்துச் செய்கிற வேலை அது.