முதல் மடக்கில் சோடா ஊற்றாதீர்கள்

ஏற்காட்டில் பள்ளி நண்பர்களோடு உட்கார்ந்திருந்தபோது எடுத்த வீடியோவை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். நான் விஸ்கி கிளாசை மூக்கருகே வைத்து முகர்ந்துகொண்டிருக்கிறேன். "அண்ணன் மூக்காலயே குடிப்பாரு" என்று ஒரு குரல், சிரிப்பு. என்னைக் கேட்காமலே என் கிளாசில் சோடா விழுகிறது. சிரித்ததை விட்டுவிடலாம். சோடாவை விட முடியவில்லை.

முதல் மடக்கைத் தனியாகக் குடியுங்கள். அப்புறம் சோடாவோ கோக்கோ, உங்கள் விருப்பம். நான் கேட்டது அவ்வளவுதான்.

அன்று கிளாசில் இருந்தது ஆரன் அமரோனே. ஸ்காட்லாந்தின் ஆரன் தீவில், லோக்ரான்சா ஊரில் 1995-இல் தொடங்கிய ஆலையின் சிங்கிள் மால்ட், அதாவது ஒரே ஆலையில் முளைகட்டிய பார்லியில் மட்டும் வடித்த விஸ்கி. போர்பன் என்ற அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாயில் வருடக்கணக்கில் கிடந்துவிட்டு, கடைசியில் அமரோனே என்ற இத்தாலியச் சிவப்பு வைன் இருந்த பீப்பாய்க்கு மாறுகிறது. திராட்சையைப் பறித்து மாதக்கணக்கில் உலர்த்திப் பிழிகிற வைன் அது. மரத்தில் ஊறி நின்ற அந்தச் செறிவை விஸ்கி மெல்ல இழுத்துக்கொள்கிறது. செம்பு நிறம் அப்படி வந்தது. "வைன் எசென்ஸ் கலந்திருப்பான்" என்று வீடியோவுக்குக் கீழே எழுதிய நண்பரே, ஸ்காட்ச் சட்டப்படி தண்ணீரும் நிறத்துக்கான கேரமலும் தவிர எதையும் சேர்க்கக் கூடாது. இந்தப் பாட்டிலில் அந்தக் கேரமலும் கிடையாது.

50 சதவீத ஆல்கஹால். எடுத்தவுடன் மூக்கைச் சுடும். கொஞ்சம் பொறுத்தால் உலர்திராட்சை, செர்ரி. ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டால் கறுப்பு சாக்லேட், கிராம்பு. விழுங்கிய பிறகு நாக்கின் ஓரத்தில் ஒரு துவர்ப்பு நிற்கும் பாருங்கள், அது அந்த வைன் மரத்தில் விட்டுப்போனது. எனக்கு அதற்காகத்தான் இந்தப் பாட்டில். அரை கிளாஸ் ஐஸ் சோடாவில் அது எங்கே தெரியும்? பக்கத்தில் தட்டுவடை செட் வேறு. தட்டுவடையை நான் எவரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அந்தக் காரச் சட்னி நாக்கில் இருக்கும்போது விஸ்கியை ருசி பார்க்க முடியாது. முதல் மடக்கு மட்டுமாவது, தயவுசெய்து.

என் அப்பா அதே ஏற்காட்டு மலையில் ஒரு எஸ்டேட்டில் காப்பி ருசி பார்த்தவர். கோப்பைகளை வரிசையாக வைத்து, குனிந்து முகர்ந்து, ஸ்பூனில் உறிஞ்சித் துப்புவார். எந்தத் தொட்டியில் கொட்டை அதிகம் புளித்துவிட்டது என்று சொல்லிவிடுவார். அவர் முகரும்போது சுற்றி நின்றவர்கள் பேச்சை நிறுத்துவார்கள். நான் அவரிடம் கற்றதைத்தான் அன்றைக்குச் செய்துகொண்டிருந்தேன்.

"வெள்ளைக்காரன் வேஷம்" என்கிறீர்கள். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்ததே காக்பர்ன் என்ற வெள்ளைக்காரக் கலெக்டர்தான். அதைக் குடிக்கும்போது யாரும் வேஷம் என்பதில்லை. "காசுத் திமிர்" என்கிறீர்கள். பாட்டில் நண்பன் கொண்டுவந்தது. காசு இருக்கிறவனுக்கு மட்டும்தான் மூக்கு உண்டா? டாஸ்மாக் வாசலில் நின்றபடி குவார்ட்டரை ஒரே மூச்சில் கவிழ்ப்பவனை யாரும் வீடியோ எடுப்பதில்லை. நிதானமாகக் குடிப்பவன்தான் உங்களுக்கு வேடிக்கை.

குடியால் குடும்பங்கள் அழிகிற ஊரில் இதெல்லாம் ஒரு பேச்சா என்று ஓர் அக்கா கேட்டிருக்கிறார். நியாயம்தான் அக்கா. என் வீட்டிலும் அப்படி ஒரு சாவு உண்டு. 30 மில்லியை ஒரு மணி நேரம் வைத்திருப்பதும் அதனால்தான். அன்று இரவு எல்லோரும் மேலேயே தங்கினோம், கொண்டை ஊசி வளைவில் யாரும் வண்டி இறக்கவில்லை. இதற்கு மேல் உங்களிடம் வாதாட மனமில்லை.

வாதாட வேண்டியது உங்களிடம்தான், அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தவர்களே. வீடியோ என் மகள் வகுப்பின் பெற்றோர் குழுவுக்கும் போய்விட்டது. "அப்பா, ஏன் எல்லாரும் உன்னைப் பார்த்துச் சிரிக்கிறாங்க?" என்றாள். என்னோடு பள்ளியில் படித்தவர்கள் நீங்கள். இத்தனை நாளில் அதை நீக்கச் சொல்லி உங்களில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.