கத்தோலிக்கர்கள் கிறிஸ்தவர்கள் இல்லையா?

"கத்தோலிக்கர்கள் மாதாவைக் கும்பிடுகிறார்கள், அதனால் அவர்கள் கிறிஸ்தவர்களே அல்ல" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு. மாமியார் ஒரு சபை, மருமகள் ஒரு சபை என்று வாழும் வீடுகளில் இது எவ்வளவு வலிக்கும்!

இயேசு கிறிஸ்து கடவுளின் மகன், மீட்பர், சிலுவையில் மரித்து உயிர்த்தெழுந்தவர் என்ற விசுவாசமே அடிப்படை. கி.பி. 325-இல் நைசியாவிலும் 381-இல் கான்ஸ்டான்டிநோபிளிலும் கூடிய ஆயர்களின் பொதுச்சங்கங்கள் தந்த விசுவாச அறிக்கை அதைத்தான் சொல்கிறது. கத்தோலிக்கர்கள் பூசையில் சொல்வதும் புராட்டஸ்டன்ட் சபையான சி.எஸ்.ஐ.-யின் (தென்னிந்தியத் திருச்சபை) சபையார் ஆராதனையில் சொல்வதும் அதே அறிக்கைதான்.

சரி, மாதா? ஜெபமாலையில் 53 முறை வரும் 'அருள் நிறைந்த மரியே' ஜெபத்தின் முடிவைக் கவனித்துக் கேளுங்கள்: "வேண்டிக்கொள்ளும்." எங்களுக்காகக் கடவுளிடம் பரிந்து பேசுங்கள் என்ற மன்றாட்டு அது. ஆராதனை கடவுளுக்கு மட்டுமே என்பதுதான் கத்தோலிக்கத் திருச்சபையின் போதனை. இந்தப் பரிந்துரையைப் புராட்டஸ்டன்ட் சபைகள் ஏற்பதில்லை. அது உண்மையான கருத்து வேறுபாடு.

அப்புறம் ஒன்று. தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் தண்ணீரில் ஞானஸ்நானம் பெற்ற சி.எஸ்.ஐ. சபையார் ஒருவர் கத்தோலிக்கராகச் சேர்ந்தால், அவருக்கு மறுபடி ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. முதலில் பெற்றதே செல்லும்.