டி3500-இல் 50 எம்எம் டி லென்ஸ்: ஆட்டோஃபோகஸ் வராது

"நிக்கான் டி3500 கேமராவுக்கு ஏஎஃப் 50 எம்எம் எஃப்/1.8டி லென்ஸ் போதும், அதன் ஜி வகைக்கு எதுக்கு அதிகம் கொடுக்கணும்" என்று சிலர் சொல்வது பாதிதான் சரி. லென்ஸ் மாட்டும், படமும் விழும், ஆட்டோஃபோகஸ் வராது. டி லென்ஸுக்குள் ஃபோகஸுக்கான மோட்டார் கிடையாது. கேமரா பாடியில் உள்ள மோட்டார்தான் அதைத் திருப்ப வேண்டும். டி3000, டி5000 வரிசைகளில் அது இல்லை, டி7000 வரிசையில் உண்டு. லென்ஸைக் கழற்றி, கேமராவில் அது மாட்டும் மவுண்ட் வளையத்தைப் பாருங்கள்: ஸ்க்ரூடிரைவர் நுனி போலச் சின்னத் தண்டு தெரிந்தால் மோட்டார் இருக்கிறது.

கையால் ஃபோகஸ் செய்யலாமே என்றால், ஒரு மீட்டர் தூரத்தில் எஃப்/1.8-இல் (லென்ஸ் துளை முழுதாகத் திறந்த நிலையில்) தெளிவாக விழுவது சுமார் 3 செ.மீ. ஆழம்தான். ஆள் லேசாக அசைந்தாலே கண் மங்கி, காது தெளிவாகிவிடும். போர்ட்ரெய்ட்டுக்கு, உள்ளேயே மோட்டார் உள்ள ஏஎஃப்-எஸ் 50 எம்எம் எஃப்/1.8ஜி-யை செகண்ட்ஹேண்டில் தேடுங்கள். டி ஏற்கெனவே வாங்கியாச்சென்றால், லென்ஸ் மேலுள்ள அபெர்ச்சர் (துளை அளவு) வளையத்தை 22-இல் பூட்டுங்கள். இல்லையேல் கேமராவில் 'எஃப்இஇ' (FEE) எரர்தான் வரும்.