மூர் வழக்கில் பெங்களூரு பக்கம்

வெளிநாட்டுக் கம்பெனி பிரித்துக் கொடுக்காத லாபத்துக்கு அமெரிக்கப் பங்குதாரரிடம் வரி கேட்டது செல்லும் என்று, அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 2024 ஜூனில் 7-2 என்று வந்த மூர் வழக்குத் தீர்ப்பை உங்கள் கட்டுரை விளக்கியது சரி. ஆனால் அதற்கு முன் அமெரிக்க வரிச் சட்டப் பேராசிரியர்களுக்குள் நடந்த சண்டையைக் கட்டுரை தொடவே இல்லை. கைக்கு வராத லாபத்துக்கு வரி போடலாமா என்று, லாபம் கைக்கு வந்தால்தான் வருமானம் என்ற 1920இன் ஐஸ்னர் - மக்கோம்பர் தீர்ப்பைத் தூசி தட்டி எடுத்து, இரண்டு பக்கமும் நின்று நீதிமன்றத்தில் மனு போட்டார்கள்.

வழக்கின் மூலமோ நம்ம ஊர்ப் பக்கம்: சிறு விவசாயிகளுக்குக் கருவிகள் விற்கும் பெங்களூரு கிசான்கிராஃப்ட். மூர் தம்பதி அதில் 40,000 டாலர் போட்டிருந்தார்கள். கேட்கப்பட்ட வரி 14,729 டாலர். 'நாங்கள் நிர்வாகத்தில் கை இல்லாத வெறும் சிறு பங்குதாரர்கள்' என்பது அவர்கள் வாதம். ஃபுளோரிடா பல்கலைக்கழகப் பேராசிரியர் மிண்டி ஹெர்ஸ்ஃபெல்ட் கம்பெனி ஆவணங்களைத் தோண்டினார். பார்த்தால் கணவர் அங்கே சில வருடம் டைரக்டராகவே இருந்திருக்கிறார்! பெரிய பெரிய வக்கீல்கள் கண்ணில் இது படாமல் போனதுதான் வேடிக்கை.

அப்புறம், பணக்காரர்களின் மொத்தச் சொத்து மதிப்புக்கும் வரி போட இந்தத் தீர்ப்பு வழி திறந்துவிட்டது என்று கட்டுரையில் எழுதியிருப்பது கொஞ்சம் அதிகம். கைக்கு வராத வருமானம் பற்றிய கேள்வியை, தீர்ப்பை எழுதிய நீதிபதி கவனா வேண்டுமென்றே தொடாமல் விட்டுவிட்டார்.