அலங்காரம் என்றால் அவ்வளவு மட்டமா?

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நான் பெரிதாக்குகிறேன் என்கிறீர்கள். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், ஆறவில்லை. முந்நூறு வருடத்துக்கு முந்தைய ஜப்பானியக் கலைஞர் ஒகதா கோரினைப் பற்றி நான் பேசி முடித்ததும் அந்த நண்பர் எழுந்து, "அவர் ஓவியர் இல்லைங்க, அலங்கார வேலை செய்தவர்" என்றார். கூட்டமே தலையாட்டியது.

அலங்கார வேலை செய்தவர்தான். யார் மறுத்தது? 1658-இல் கியோட்டோவில் கரிகனேயா என்ற ஜவுளிக்கடைக் குடும்பத்தில் பிறந்தவர். ஒரு பேரரசிக்கே கிமோனோ செய்து கொடுத்த கடை அது. துணியில் எங்கே பூ வரவேண்டும், எங்கே சும்மா விடவேண்டும் என்று பார்த்தே வளர்ந்த கண்.

தோக்கியோ நெசு அருங்காட்சியகத்தில் இருக்கும் அவருடைய ஐரிஸ் பூத் திரைகளைப் பாருங்கள். ஆறு மடிப்பாக விரித்து நிறுத்தும் திரைகள் இரண்டு. தங்கத் தாளின் மேல் நீலப் பூ, பச்சை இலை, அவ்வளவுதான். எட்டுப் பலகைப் பாலத்தருகே ஐரிஸ் பூத்திருப்பதைப் பார்த்து, ஊரில் விட்டு வந்தவளை நினைத்துப் பாடிய பயணியின் பழங்கதை அது. திரையில் பயணி இல்லை, பாலம் இல்லை, தண்ணீர்கூட இல்லை. அதே கதையை எழுதுபொருள் பெட்டியில் செய்தபோது, கறுப்பு அரக்கின் மேல் சிப்பியில் பூவும் ஈயத்தில் பாலமும் பதித்தார். எதை எடுப்பது, எதை வைப்பது என்று இவ்வளவு யோசித்தவர் ஓவியர் இல்லையாம்.

"ஒரே பூங்கொத்தைத் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறாரே?" ஆமாம், போட்டிருக்கிறார். பல்லவி திரும்பத் திரும்ப வருவதால் பாட்டு குறைந்துபோகிறதா?

"அப்பா சொத்தை அழித்தவர்தானே?" அழித்தார். அதற்கும் படத்துக்கும் என்ன சம்பந்தம்? காசு கரைந்த பிறகு தூரிகையை நம்பித்தான் பிழைத்தார். தம்பி கென்சான் செய்த மண் தட்டுகளில் படம் வரைந்தார். அதே மனிதருக்குத்தான் 1701-இல் ஹொக்கியோ என்ற, கலைஞர்களுக்குத் தரும் கௌரவப் பட்டம் கிடைத்தது. தட்டில் வரைந்த கை வேறு, திரையில் வரைந்த கை வேறா?

நான் பதினோரு வருடம் சேலைக்குக் கரை வரைந்தவள். ஒருமுறை பேருந்தில் முன் இருக்கைப் பெண் கட்டியிருந்தது என் மாங்காய்க் கரை. இறங்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தைரியத்தில் ஒரு கண்காட்சிக்கு என் வரைபடங்களை எடுத்துப் போனேன். கட்டைப் பிரிக்கக்கூட விடவில்லை. "இது ஓவியர்களுக்கும்மா, டிசைன் போடுகிறவர்களுக்கு இல்லை" என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்கள். வெயிலில் அந்தக் கட்டோடு நடந்து வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் தலையாட்டியபோது எனக்கு அந்த வாசல்தான் நினைவுக்கு வந்தது.