இருமினால் மாரடைப்பு நிற்காது

"தனியாக இருக்கும்போது மாரடைப்பா? மயங்க 10 நொடிதான். மூச்சை இழுத்துப் பலமாக இருமிக்கொண்டே இருங்கள். ஆஸ்பத்திரிகள் இதைச் சொல்லாது!" வாட்ஸ்அப்பில் திரும்பத் திரும்ப வரும் இந்தச் செய்தி 1999லேயே மின்னஞ்சலில் சுற்றியது. தவறான தகவல்.

மாரடைப்பு என்பது இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் அடைப்பு. இருமல் அதைத் திறக்காது. பெரும்பாலோர் உடனே மயங்குவதும் இல்லை. நெஞ்சில் பாரம், வியர்வை, இடது கையில் வலி என்று நேரம் இழுக்கும். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஆம்புலன்ஸைக் கூப்பிடுவது. நொடிகளில் மயங்க வைப்பது இதயத்துடிப்பு நின்றுபோவது; அது வேறு.

சரி, இருமல் கதை எங்கிருந்து வந்தது? இதயக் குழாய்களைப் பரிசோதிக்கும் ஆஞ்சியோ அறையில் இசிஜி திரையைப் பார்த்தபடி இருக்கும் மருத்துவர், துடிப்பு தடுமாறும் கணத்தில் நோயாளியை "இருமுங்க" என்பதுண்டு. சுற்றிலும் குழு, கையெட்டும் தூரத்தில் இதயத்துடிப்பைச் சீராக்கும் ஷாக் கருவி. வீட்டில் அது ஏது? அமெரிக்க இதயச் சங்கமும் பொதுமக்களுக்கு இதைப் பரிந்துரைக்கவில்லை.

மருத்துவமனைகள் மேல் கோபம் இருக்கலாம், நியாயமாகவும் இருக்கலாம். அதற்காக இருமிக்கொண்டு உட்காராதீர்கள். போனை எடுங்கள், கதவுத் தாழ்ப்பாளைத் திறந்து வையுங்கள், அப்புறம் உட்காருங்கள்.