அந்தப் பெண் சொன்னது சரி

ஓடும் பஸ்ஸின் டயர் தரையைத் தொடும் இடம் அந்தக் கணத்தில் நிற்கிறது என்று அறிவியல் கண்காட்சியில் ஒரு பள்ளி மாணவி விளக்குவதைக் கேலி செய்யும் அந்த ரீல்ஸை இன்னும் எத்தனை பேர் எனக்கு அனுப்புவீர்கள்? பார்த்துவிட்டேன். கமெண்டுகளையும் படித்துவிட்டேன். "பஸ் அறுபதுல போகுதாம், டயர் தரையைத் தொடுற இடம் மட்டும் நிக்குதாம்" என்று சிரிக்கிறார்கள்.

நிற்கத்தான் செய்கிறது. நழுவாமல் உருளும் சக்கரத்தில், தரையைத் தொடும் புள்ளியின் வேகம் அந்தக் கணத்தில் சுழி. பஸ்ஸோடு சேர்ந்து முன்னால் 60, சுழல்வதால் பின்னால் 60. கழித்துப் பாருங்கள். சக்கரத்தின் உச்சியில் இரண்டும் கூடி 120. அந்தப் பெண் சொன்னது சரி.

நம்ப மாட்டீர்கள் என்றால் மழை விட்டதும் தெருவில் இறங்குங்கள். ஈரமண்ணில் சைக்கிள் போன தடத்தில் டயர் பட்டன் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பதிந்திருக்கும். டயர் தரையில் இழுபட்டுப் போயிருந்தால் அப்படி அச்சு விழுமா? பிரேக்கை இறுக்கிச் சக்கரம் நின்றுபோன இடத்தில்தான் அச்சு கலைந்து வெறும் கோடாக இருக்கும்.

"அப்போ உராய்வே இல்லையா?" என்று ஒருவர் கேட்கிறார். இருக்கிறது, ஓய்வுநிலை உராய்வு, அதாவது ஒன்றன்மேல் ஒன்று நழுவாமல் இருக்கும்போது உள்ள உராய்வு. சைக்கிளை மிதித்து வேகம் எடுக்கும்போது பின்சக்கரம் தரையைப் பின்னால் தள்ளுகிறது, தரை அதை முன்னால் தள்ளுகிறது. உராய்வுதான் வண்டியை ஓட்டுகிறது! முன்சக்கரத்தில் மட்டும் அது பின்னோக்கி இருக்கும்.

பிளஸ் ஒன்னில் இதை எழுதியதற்கு எனக்கு மதிப்பெண் வெட்டினார்கள். ஆசிரியரிடம் கேட்கப் போனேன். "சைக்கிள் கடை வைக்கப் போறியா?" என்று வகுப்பே சிரிக்கும்படி பதில் வந்தது. என் அப்பா சைக்கிள் கடைதான் வைத்திருந்தார். கேட்டவருக்கும் அது தெரியும். ரிம்மைச் சுழலவிட்டு, கண்ணைச் சுருக்கி, ஒவ்வொரு கம்பியாக முறுக்கிக் கோட்டம் எடுப்பார் அப்பா. அன்று வீட்டுக்குப் போய் அவரிடம் எதுவும் சொல்லவில்லை.

நிஜ டயர் அமுங்கும், பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாத நிலையிலும் துளி நழுவும் என்று ஒரு பொறியாளர் எழுதியிருந்தார். சரி, உண்மை. ரீல்ஸ் போட்டவர் அதற்காகவா சிரித்தார்?

"இதெல்லாம் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது" என்பவர்களுக்குச் சொல்கிறேன். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது பைக்குகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காமல், உருண்டுகொண்டே இருக்க வைப்பதுதான் அதன் வேலை. முன்சக்கரம் சறுக்க ஆரம்பித்தால் ஹேண்டிலைத் திருப்பியும் பயனில்லை, வண்டி விழும். நீங்கள் கேலி செய்த அந்த விஷயம்தான் உங்கள் பிள்ளையைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவருகிறது.

"கமெண்டுக்குப் போய் இவ்வளவு கோபமா?" என்பீர்கள். ஆமாம், கோபம்தான். அரசுப் பள்ளிச் சீருடையில், தமிழில், அட்டைச் சக்கரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் விளக்குகிறாள். இதையே கோட்டு போட்ட ஒருவர் ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால் கைதட்டியிருப்பீர்கள். சிரித்தவர்களில் சிலர் என் நட்புப் பட்டியலிலேயே இருக்கிறீர்கள். வீடியோவை நீக்கினால் மட்டும் போதாது. சிரித்த அதே இடத்தில், அவள் சொன்னது சரி என்று எழுதுங்கள். அதுவரை என் பதிவுகளுக்கு லைக் போட வேண்டாம்.